ஈப்போவின் சுவரோவியமும் தோட்டத்துக் கோவில் உருவமும்

ஓவியத்தைக் காண்பதற்குக் கண் போதும். அதனை அறிந்துகொள்வதற்கு அருகில் ஒருவர் வேண்டும். தமிழர் இதனை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்குப் பரிபாடலின் 19ஆம் பாடல் சான்றாகும். திருப்பரங்குன்றத்தைப் பாடவந்த நப்பண்ணனார், அக்குன்றத்தில் இருந்த ஓவிய மண்டபம் ஒன்றனையும் காட்டுகின்றார். அங்கு வந்தவர்கள் வெறுமனே நின்று வியந்து போகவில்லை. சுவரிலுள்ள உருவங்களைச் சுட்டி இவர் யார், அவர் யார் என வினவுகின்றனர். இவள் இரதி, இவன் காமன், அவள் அகலிகை, பூனையாகிச் செல்பவன் இந்திரன் என்று அறிந்தவர் விடை கூறுகின்றனர். மணிமேகலையிலும் புகார் நகரத்து மாளிகைகளின் வெண்சுதைச் சுவர்களில் எழுதிய ஓவியங்களைத் தெருவில் நின்று காண்பவர்கள் வருகின்றனர். கலைக்கூடம் என்ற பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, சுவரும் தெருவும் கேள்வியும் விடையும் சேர்ந்த ஒரு கலைக்கூடம் தமிழர்க்கு இருந்தது.

பரிபாடல் காட்டும் இம்முறையினையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். ஓர் ஓவியம் காண்போரிடத்து வினாவை எழுப்புகின்றதா? அவ்வினாவிற்கு விடை கூறுவார் அருகில் இருக்கின்றனரா? இவ்விரு கேள்விகளையும் வைத்துக்கொண்டு மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகரையும், அதனைச் சூழ்ந்து முன்னாளில் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களையும் பார்த்தால், கலையைப் பற்றியும் தமிழரின் நினைவைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படுகின்றன.

பழைய நகரத்துச் சுவர்கள்

ஈப்போ, கிந்தா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த நகரம். மேற்குக் கரையில் பழைய நகரமும் கிழக்குக் கரையில் புதிய நகரமும் உள்ளன. ஈயமே இந்நகரை ஆக்கியது. ஈயம் தளர்ந்தபோது நகரமும் தளர்ந்தது. 1988இல் மாநகர் என்னும் தகுதியைப் பெற்ற பின்னரும், பழைய நகரத்துக் கடைவீடுகள் பல பூட்டிக் கிடந்தன. கடந்த சில ஆண்டுகளில்தான் அத்தெருக்கள் மீண்டும் உயிர்பெற்றன. லோரோங் பங்லிமா என்னும் குறுகிய சந்தில் இன்று விடுமுறை நாள்களில் தோளோடு தோள் உரசாமல் நடத்தல் அரிது. வெள்ளைக் காப்பிக் கடைகளும், ஐஸ் விற்போரும், விளையாட்டுப் பொருள் விற்போரும், நிழற்படம் எடுப்போரும் அதனை நிறைத்திருக்கின்றனர்.

இந்நகரத்தின் பொதுவிடங்களில் கலை புதிதாக வந்ததன்று. 1909இல் எழுப்பப்பெற்ற பர்ச் நினைவு மணிக்கூண்டு அங்குள்ளது. பேராக்கின் முதல் ஆங்கில ரெசிடெண்டாக இருந்து, 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச்சின் நினைவாக எழுந்தது அது. அதன் நான்கு மூலைகளிலும் பற்றுறுதி, நீதி, பொறுமை, மனவலிமை என்னும் பண்புகளைக் குறிக்கும் சுடுமண் உருவங்கள் நிற்கின்றன. மனித நாகரிகத்தின் வளர்ச்சியைக் காட்டும் உருவ வரிசையும் அதன் பக்கங்களில் உண்டு. ஆட்சி செய்தவர்கள் தங்களை எவ்வாறு காண விரும்பினர் என்பதற்கு அது சான்று. ஆனால், இன்று அம்மணிக்கூண்டினைச் சூழ்ந்த சாலைகளுக்கு மகாராஜாலேலா, டத்தோ சாகோர் என்று பெயர். பர்ச்சின் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களே அவை. கல்லை இடிக்காமலே அதன் பொருளை நகரம் மாற்றிவிட்டது. உருவம் எவ்வளவு உறுதியாக நின்றாலும், அதற்கு விடை கூறுவோர் மாறும்பொழுது அதன் பொருளும் மாறிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஈப்போவின் சுவர்களுக்கு இன்று புகழ் தேடித் தந்திருப்பவை 2014இல் தீட்டப்பெற்ற சுவரோவியங்கள். லித்துவேனிய நாட்டில் பிறந்த எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்னும் ஓவியர் அவற்றை எழுதினார். 2012இல் பினாங்கு ஜார்ஜ் டவுன் நகரத்தில் உண்மை மிதிவண்டி ஒன்றனைச் சுவரில் பொருத்தி, அதன்மேல் இரு சிறுவர்கள் செல்வதுபோல் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். அப்புகழைக் கண்டு, வெள்ளைக் காப்பி விற்கும் ஒரு பெரு நிறுவனம் அவரை ஈப்போவிற்கு அழைத்துத் தன் பெயரோடு இயைந்த பழைய நகரத்தின் சுவர்களில் எழுதச் செய்தது. காப்பிக் கிண்ணம் ஏந்திய முதியவர், காகித விமானத்தில் பறக்கும் சிறுவர், மூன்று சக்கர வண்டி, தேன்சிட்டு, பிளாஸ்டிக் பைகளில் தொங்கும் காப்பி ஆகியன அவ்வோவியங்களுட் பெயர்பெற்றவை.

முதுகு காட்டும் பார்வை

இவ்வோவியங்களின் திறத்தினைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. காரை பெயர்ந்த சுவரை மூடி மறைக்காமல், அதன் கறையையும் வெடிப்பையும் படத்தின் பகுதியாக்கிக் கொள்ளும் நுட்பம் ஓவியருக்குக் கைவந்திருக்கின்றது. கலை, வாயிற்காவலும் நுழைவுச் சீட்டும் இன்றி, சந்தைக்குப் போகிறவர்க்கும் பள்ளியிலிருந்து திரும்புகிறவர்க்கும் முன்னே வந்து நிற்கின்றது. முதியவரின் முகத்திலுள்ள சுருக்கங்கள் பொய்யானவையல்ல. ஈப்போவின் எந்தக் காப்பிக் கடையிலும் அம்முகத்தைக் காணலாம். மாளிகைகளிலும் வங்கிகளிலும் தொங்கும் ஓவியத்தை விட, மழையில் நனையும் ஓவியத்திற்கு ஒரு பெருந்தன்மை உண்டு.

ஆயினும், அவ்வோவியங்களின் முன் சற்று நேரம் நின்று, ஓவியத்தை விடுத்து, காண வந்தவர்களைக் கவனித்தால் ஓர் உண்மை விளங்கும். பெரும்பாலோர் ஓவியத்தின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டே நிற்கின்றனர். அவர்கள் முகம் நிழற்படக் கருவியை நோக்கியிருக்கின்றது. திருப்பரங்குன்றத்தில் விரல்கள் சுவரைச் சுட்டின. இங்கே விரல்கள் பொத்தானை அழுத்துகின்றன. இவர் யார் என்று கேட்பார் இலர். கேட்டாலும், காப்பி குடிக்கும் ஒரு முதியவர் என்பதற்கு மேல் விடையும் இல்லை. அம்முதியவர் என்ன தொழில் செய்தார், எந்தச் சுரங்கத்தில் இடுப்பளவு நீரில் நின்றார், எந்தக் கடையில் கணக்கெழுதினார் என்பன படத்தில் இல்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரோடு அவர் உழைப்பும் படத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது.

இதுவே அவ்வோவியங்களின் குறை. அவை பழமையை இனிக்கச் செய்கின்றன. பழமை எதனால் ஆனது என்பதைச் சொல்லாமல் விடுகின்றன. காப்பி விற்போர் பொருள் கொடுத்து எழுதுவித்த சுவர்களில் காப்பி மணப்பது வியப்பன்று. அரசன் எழுதுவித்த சுவரில் அரசன் நிற்பதும் அத்தகையதே. எழுதுவித்தவரைக் குறை கூறுவதால் பயனில்லை. காண்பவர்தாம் இது யாருடைய நினைவு என்று கேட்கப் பழக வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். ஈப்போ ஈயத்தால் எழுந்த நகரம். அதனை எழுப்பியவர்களுட் சீனரே பெரும்பாலோர். அதன் சுவர்களில் தோட்டத்துத் தமிழரைத் தேடுவது முறையா? இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், நகரம் என்பது அதன் எல்லைக்குள் நடந்தது மட்டுமன்று. ஹப்பாக் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து 1917இல் நிறைவுற்ற ஈப்போ இரயில் நிலையம் வெண்மாடங்களோடு இன்றும் விளங்குகின்றது. மலாயாவின் இருப்புப் பாதைகளிலும் சாலைகளிலும் மண் சுமந்தவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். சம்பள நாளையடுத்து ஈப்போவிற்கு வந்து துணி எடுத்தவர்களும், படம் பார்த்தவர்களும், நகைக்கடை வாயிலில் நின்று கணக்குப் பார்த்தவர்களும் தோட்டத்தினர். நகரத்தின் செல்வத்துள் ஈயத்தின் பங்கோடு பாலின் பங்கும் கலந்திருக்கின்றது. சுவர் அதனைச் சொல்லவில்லையெனில், வேறு எங்கேனும் அது சொல்லப்பட்டிருக்கின்றதா என்று தேடுவதே அடுத்து வேண்டுவது.

சிற்றறையின் வலிமை

சுவரைவிட்டு அறைக்குள் வந்தால் நிலைமை வேறுபடுகின்றது. பழைய நகரத்தின் கோங் ஹெங் பகுதியில் 2014இல் ஒரு சிறிய காட்சியகம் திறக்கப்பெற்றது. 2009இல் மறைந்த திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அகமதுவின் நினைவிற்காக அமைந்தது அது. ஈப்போவைக் களமாகக் கொண்ட ‘செப்பெட்’ என்னும் படத்தை 2004இல் அளித்தவர் அவர். அவருடைய இறுதிப் படமான ‘டேலண்டைம்’ 2009இல் வெளிவந்தது. அதில் பேசவும் கேட்கவும் இயலாத மகேஷ் என்னும் தமிழ் இளைஞனும் அவன் தாயும் வருகின்றனர். தாய் தமிழிலே பேசுகின்றாள். நகைப்புக்காகவோ நாடகத்திற்காகவோ நுழைக்கப்பட்டவர்களாக அவர்கள் இல்லை. துன்பமும் சினமும் விருப்பும் வெறுப்பும் உடைய ஒரு குடும்பமாக இருக்கின்றனர். பெரிய கலைக்கூடங்கள் செய்யாத ஒன்றனை இத்தகைய சிற்றறை செய்கின்றது. ஒரே மனிதரின் பெயரைச் சுற்றி எழுத்தையும் படத்தையும் குரலையும் கூட்டி வைக்கின்றது. உள்ளே வந்தவர் இவர் யார் என்று கேட்டே தீர வேண்டும். அறை முழுதும் அதற்கு விடையாக இருக்கின்றது.

இரப்பர்த் தோட்டத்தினைப் பொருளாகக் கொண்ட இக்காலக் கலை, ஈப்போவினும் கோலாலம்பூரிலேயே மிகுதியாகக் காட்சிக்கு வந்துள்ளது. பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங் என்னும் கலைஞர், ‘குடியேறியவர்களும் இரப்பர் மரங்களும்’ என்று பொருள்படும் தலைப்பில் 1996இல் ஒரு காட்சி நடத்தினார். தம் குடும்பத்தார் கடல் கடந்து வந்த வரலாற்றினைக் கரிக்கோலால் பேருருவில் வரைந்தவர் அவர். பிரேசிலிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து ஊன்றப்பட்ட மரத்தையும், வெவ்வேறு நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்த மக்களையும் ஒரே தலைப்பில் நிறுத்தியது அவரது சிந்தனையின் கூர்மையைக் காட்டுகின்றது. மரமும் குடியேறியதே, மனிதனும் குடியேறியவனே. மரத்தைச் சொந்தமென ஏற்ற மண், மனிதனை எவ்வாறு ஏற்றது என்னும் வினா அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கின்றது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவாவின் படைப்பு இன்னொரு வழியில் செல்கின்றது. 2001இல் அவர் படைத்த ஓவியத் தொகுதி ஒன்றன் தலைப்பை, ‘ஓடும் இந்தியரும், 25 தேய்ந்த வழக்குகளில் மலேசிய இந்தியர் வரலாறும்’ என்று தமிழில் கூறலாம். தலைப்பிலேயே எள்ளல் இருக்கின்றது. மலேசியத் தமிழனைப் பற்றி நாட்டில் வழங்கும் படிமங்கள் பல தேய்ந்த காசுகள். கை மாறிக் கை மாறி உருவழிந்தவை. அவற்றையே எடுத்து அடுக்கிக் காட்டும்பொழுது, அவற்றைச் செலவழித்து வந்தவர் நாணுகின்றனர். இந்த எள்ளலைத் தமிழாசிரியர்கள் மனத்திற் கொள்ளல் நன்று. ஈப்போவின் சுவரில் தமிழர் இல்லை என்று வருந்தி, நாளையே ஒரு சுவரில் நெற்றி விளக்கணிந்த பெண்ணொருத்தியை எழுதிவிட்டால் குறை தீர்ந்துவிடாது. காப்பி குடிக்கும் முதியவரைப் போலவே அவளும் நிழற்படத்திற்குப் பின்புலமாகிவிடுவாள். இரக்கத்தால் எழுதிய படமும் தேய்ந்த வழக்காகலாம்.

அனுரேந்திராவின் ஓவியங்களைக் காட்டிய இடங்களுள் ஒன்று வெய்-லிங் கலைக்கூடம். 2002இல் தொடங்கப்பெற்ற அக்கூடம், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஸ்காட் சாலையின் பழைய கடைவீடு ஒன்றில் அமைந்திருந்தது. தீயால் சிதைந்த அக்கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் புதுக்கி எழுப்பினார். அப்பகுதியிலேயே இலங்கைத் தமிழர் எடுத்த கந்தசுவாமி கோவிலும் உண்டு. பூக்கடையும் இசைத்தட்டுக் கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் நெருங்கிய தமிழ்ச் சூழலின் நடுவே இக்காலக் கலைக்கூடம் ஒன்று அமைந்தது அரிய வாய்ப்பு. எனினும், இலையில் உண்டு எழுந்தவர்களுள் எத்தனைபேர் அக்கடைவீட்டின் படிகளில் ஏறியிருப்பர்? இக்காலக் கலைக்கூடங்களில் படத்தின் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. தமிழர் வாழ்வினைப் பற்றிய படம், தமிழர் தெருவிலேயே தொங்கினாலும், தமிழில் ஒரு விடை கூறுவார் இன்றேல் அது தொலைவிலேயே இருக்கின்றது. நகரத்துச் சுவருக்குக் கூட்டம் உண்டு, வினா இல்லை. கலைக்கூடத்திற்கு வினா உண்டு, கூட்டம் இல்லை.

மரத்தில் எழுதிய கை

இவ்விடத்தில் தோட்டத்தை நோக்கித் திரும்புதல் வேண்டும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைவிட்டன. 1877இல் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில பேராக்கின் கோலகங்சாரில் ஹியூ லோவினால் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அவ்வூரில் காப்பாற்றப்பட்டு வருகின்றது. அதற்கு வேலியும் விளக்கப் பலகையும் உண்டு. மலாயாவிற்கு ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் கொணர்தல் 1910இல் நின்றது. கங்காணி முறையில் ஆள் அனுப்புதலை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அந்த ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்களுக்கு வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

அவர்களுடைய தொழிலைக் கலைக் கண்ணோடு பார்த்தவர் சிலரே. இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று, ஒரு நாளில் ஏறத்தாழ 300 முதல் 500 மரங்கள் வரை சீவ வேண்டும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, மரத்தின் பாதிச் சுற்றளவிற்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செல்வது வெட்டுக்கோடு. பட்டையிலிருந்து ஒவ்வொரு முறையும் சீவப்படும் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உளி மேலாகச் சென்றால் பால் குறையும். ஆழமாகச் சென்றால் உள்ளிருக்கும் உயிர்ப்படலம் புண்படும். புண்பட்ட மரம் பட்டையைப் புதுப்பிக்கும்பொழுது கட்டியும் முண்டுமாக வளர்ந்து, அடுத்து வரும் ஆண்டுகளில் சீவ இயலாததாகிவிடும். ஆகவே, நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில், அளவுகோலின்றி, கையின் உணர்வொன்றையே நம்பி, ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில், நூற்றுக்கணக்கான கோடுகளை நாள்தோறும் இழுத்த கை அது. கோடு இழுப்பதற்குப் பயின்ற கையை ஓவியன் கை என்று போற்றும் உலகம், இக்கையைக் கூலிக்கை என்றே எழுதிற்று.

ஒவ்வொரு மரமும் தன்னைச் சீவியவரின் கைத்திறத்தைத் தன் பட்டையிலே பல ஆண்டுகள் தாங்கி நின்றது. நல்ல கையின் மரத்தைக் கிராணியும் கங்காணியும் பார்த்த அளவிலேயே அறிவர். அந்நூலகம் இன்று இல்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதனைத் தடுக்க, பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். பின்னர் எண்ணெய்ப்பனை வந்தது. பல இடங்களில் வீட்டு மனைகள் வந்தன. மரங்கள் சாய்ந்தன, லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போவின் புறநகர்களுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தனர். பெரும்பாலான இடங்களில் எஞ்சி நின்றவை கோவிலும், சில இடங்களில் தமிழ்ப்பள்ளியுமே.

துரைக்கு ஓர் உருவம்

ஈப்போவிலிருந்து சிறிது தொலைவில், பத்து காஜாவிற்கு அருகே கெல்லி மாளிகை என்னும் முற்றுப்பெறாத கட்டடம் நிற்கின்றது. 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கிந்தாப் பகுதியில் இரப்பர்த் தோட்டம் அமைத்த வில்லியம் கெல்லி ஸ்மித் அதனை எழுப்பத் தொடங்கினார். கட்டட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் வந்தனர். முதல் உலகப் போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் அங்கும் புகுந்து தொழிலாளர் பலரைக் கொன்றது. அம்மனுக்குக் கோவில் எடுத்தால் நோய் தணியும் என்று தொழிலாளர் வேண்ட, துரையும் இசைந்தார். மாரியம்மன் கோவில் எழுந்தது. 1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை குறையாகவே நின்றுவிட்டது. இன்று பயணிகள் கூட்டங்கூட்டமாக மாளிகைக்கே செல்கின்றனர். அருகிலுள்ள கோவிலுக்குச் செல்வோர் சிலரே.

ஆயினும் கலையை நாடுவோர்க்கு மாளிகையினும் கோவிலே பெரிது. அக்கோவிலின் மேற்றளத்தில், தெய்வ உருவங்களினிடையே, சட்டையும் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் சுதையுருவம் நிற்கின்றது. அது ஸ்மித் துரையின் உருவம். நன்றியின் அடையாளமாகத் தொழிலாளர் வைத்தது என்று கூறுவர். பயணிகளுக்கு அது வேடிக்கை. சிலருக்கு அடிமை மனத்தின் சின்னம். இவ்விரு கருத்துகளும் போதா.

தமிழ்க் கோவிற்கலையில் கோவில் எடுத்தவர்க்கு உருவம் வைத்தல் நெடுநாளைய மரபு. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகையில் பல்லவ மன்னர் தேவியரோடு நிற்கின்றனர். திருமலையில் கிருஷ்ணதேவராயரும், மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் நிற்கின்றனர். ஊர்த்தெய்வக் கோவில்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களின் உருவங்களையும் காணலாம். அவ்வக்காலத்து அதிகாரத்தை அழைத்து வந்து, அதற்குத் தெய்வத்தின் முன்னிலையில் ஓர் இடம் குறித்துக் கொடுப்பது அம்மரபின் இயல்பு. பத்து காஜாவில் சுதை பிசைந்த கையும் அதையே செய்தது. துரை தோட்டத்திற்குத் தலைவர். பெரட்டுக்களத்தில் அவர் சொல்லே சட்டம். ஆனால், அம்மன் கோவிலில் அவர் பரிவாரத்துள் ஒருவர். அவரது உயரத்தை அங்கே முடிவு செய்தவன் தோட்ட முதலாளி அல்லன், சிற்பியே. நன்றி கூறும்பொழுதே அளந்தும் வைத்த உருவம் அது.

ஆனால் திறனாய்வு அங்கே நின்றுவிடலாகாது. கோவில் எழக் காரணமாக இருந்த நோயில் மாண்டவர்க்கு அங்கே உருவம் இல்லை. சுதை பிசைந்தவனின் பெயரும் வழங்கவில்லை. துரையின் பெயர் மாளிகையிலும் நிற்கின்றது; கோவிற் கதையிலும் நிற்கின்றது. தமிழர் தாமே எழுப்பிய ஒரே காட்சிக்கூடத்திலும் தம்மை எழுதிக்கொள்ளவில்லை. தம்மை எழுதிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றாமைக்கு நாணமன்று காரணம். தங்கள் கதையைத் தங்கள் மக்கள் அறிந்தே இருப்பர், கேட்டால் சொல்ல ஆள் இருக்கும் என்ற நம்பிக்கையே காரணம் எனலாம். லயங்கள் இருந்தவரை அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. திருவிழா நாளில் கோவில் வாயிலில் குழந்தை சுட்டிக் கேட்டிருக்கும், பாட்டி சொல்லியிருப்பாள். இன்று குழந்தை ஈப்போவின் அடுக்ககத்தில் இருக்கின்றது; பாட்டி இல்லை; சுதையுருவம் மட்டும் மழையில் நிற்கின்றது.

விடை கூறுவார் யார்?

2014இல் எழுதிய சுவரோவியங்களிற் சில வெயிலாலும் மழையாலும் மங்கிவிட்டன. அதற்காக வருந்துவோர் உளர். சுவரோவியம் மங்கினால் மீண்டும் எழுதலாம்; எழுதியவர் வாழ்கின்றார்; நிழற்படங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. தோட்டத்துக் கோவில்களின் நிலைமை அத்தகையதன்று. நிலம் கைம்மாறும்பொழுது கோவில் பெயர்க்கப்படுகின்றது. குடமுழுக்கின்போது பழைய சுதையுருவங்கள் நீக்கப்பட்டுப் புதியன வைக்கப்படுகின்றன. புதியவை அழகியனவாக இருக்கலாம். ஆயினும் பழையவற்றைப் படமெடுத்து, யார் வைத்தது, எக்காலத்தில் வைத்தது, எந்தத் தீம்பாரைச் சேர்ந்தவர் பொருள் கொடுத்தனர் என்று எழுதி வைத்த பின்னர் நீக்குவதே முறை. பழுதான செப்பேட்டைப் படியெடுக்காமல் உருக்குவாரைத் தமிழறிஞர் மன்னியார். சுதையுருவமும் ஒரு செப்பேடே.

இதற்கு முதற்கண் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. ஈப்போவின் பழைய நகரத்திலே ஒரு கடைவீட்டின் கீழறை போதும். அதில் மங்கும் உளியும் காண்டா வாளியும் வெறும் பழம்பொருள்களாக அடுக்கப்படாமல், அவற்றைப் பிடித்தவரின் பெயரோடும் சீவிய நிரையின் எண்ணோடும் வைக்கப்படுதல் வேண்டும். வெட்டுக்கோடு தாங்கிய மரத்துண்டு ஒன்று ஓவியத்திற்குரிய மதிப்போடு சுவரில் தொங்குதல் வேண்டும். கோவில் உருவங்களின் படங்கள் அருகே அமைதல் வேண்டும். அனுரேந்திராவையும் வோங் ஹோய் சியோங்கையும் போன்றோரின் படைப்புகள் அவ்வறைக்கு வந்து போதல் வேண்டும். விளக்கம் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். ஏனெனில் இந்நினைவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று, நாட்டிற்கே உரியது.

அதற்கு முன்னரே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அது தமிழாசிரியரின் கையில் இருக்கின்றது. ஈப்போவின் சுவரோவியத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். பத்து காஜாக் கோவிலுக்கும் அழைத்துச் செல்லலாம். இரண்டிடத்தும் நான்கு கேள்விகளைக் கேட்கச் செய்தல் வேண்டும். இதனை எழுதுவித்தவர் யார்? எழுதியவர் யார்? இதில் உள்ளவர் என்ன தொழில் செய்தவர்? இதில் இல்லாதவர் யார்? இந்நான்கிற்கும் விடைதேடும் மாணவன் வீட்டிற்குத் திரும்பியதும் ஐந்தாவதாக ஒரு கேள்வியைத் தானே கேட்பான்: நம் குடும்பத்தில் மரம் சீவியவர் யார்? அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய முதியோர் பேராக்கில் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்கள் இருக்கும்பொழுதே அக்கேள்வி கேட்கப்படுதல் வேண்டும்.